புத்தர் சிலை எந்த வழியாகப் போனது? அமராவதி வேனில் கேட்ட கேள்விகள்

நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து, வருஷத்துக்கு ஒரு தடவை வேன் பிடித்து, ஆந்திராவில் பழைய பௌத்த ஸ்தூபி (புனிதப் பொருளை உள்ளே வைத்துக் கட்டிய மேடு) இருக்கும் அமராவதிக்குப் போகிறோம். போகிற வழியெல்லாம் கேள்விதான். திரும்பி வந்த பிறகும் கடைத்தெருவில் நிறுத்திக் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது, சிற்பம் நான் காலேஜில் படித்த பாடம் இல்லை, ஆனால் இருபது வருஷமாக இந்தக் கற்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

நாம் தமிழ் பேசுகிறவர்கள். கிருஷ்ணா நதிக்கரையில் இருக்கும் ஸ்தூபிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அமராவதியில் கிடைத்த பிராகிருதக் கல்வெட்டு ஒன்றில், அந்த மகா சைத்தியத்துக்கு, அதாவது பெரிய ஸ்தூபிக்கு, கல் கொடுத்தவர் பெயர் 'தமிள கண்ஹ' என்று இருக்கிறது. கண்ஹ என்றால் கண்ணன். தமிழன் கண்ணன், தன் தம்பியோடும் தங்கையோடும் சேர்ந்து கொடுத்த தானம். ஆக, சுமார் 1,800 வருஷத்துக்கு முன்பே நம்மைப் போல ஒரு குடும்பம் அங்கே போய், 'நாங்கள் தமிழர்கள்' என்று கல்லில் எழுதிவிட்டு வந்திருக்கிறது. முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னும் இருக்கிறது. அந்தக் காலத்தில் தக்காணத்தை ஆண்ட சாதவாகன அரசர்களின் வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் பிராகிருதம், மறுபக்கம் தமிழ் என்று படித்திருக்கிறார்கள், 'மகன்' என்ற சொல்கூட அதில் வருகிறது. கிருஷ்ணா கரையிலேயே இருந்த இன்னொரு பௌத்த ஊரான நாகார்ஜுனகொண்டாவில் போதிசிரி என்ற உபாசிகை (பௌத்த பக்தை) வெட்டி வைத்த 3-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், இலங்கைப் பிக்குகள் தர்மம் பரப்பிய நாடுகள் என்று ஒரு பட்டியல் உண்டு: காஷ்மீரம், காந்தாரம், சீனம், வங்கம், யவனம், அவற்றோடு 'தமிள'. ஒரு ஆற்றங்கரை ஊரில் இருந்துகொண்டு அவர்கள் கண்முன் வைத்திருந்த உலகம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

கலைக்கும் வியாபாரத்துக்கும் என்ன தொடர்பு? பக்தி இருந்தால் போதாதா?

பக்தி இருந்தது, ஆனால் கல்லுக்கும் உளிக்கும் கூலி கொடுக்க வேண்டுமே. அமராவதியில் தானம் கொடுத்தவர்கள் பட்டியலைப் படித்தால் வணிகர், வாசனைப் பொருள் விற்பவர், வீட்டுப் பெண்கள், பிக்குணிகள் என்று போகிறது. விதிகர் என்ற தோல் தொழிலாளி ஒருவர் நிறைகுடம் செதுக்கிய கல்பலகை ஒன்றைக் குடும்பத்தோடு கொடுத்திருக்கிறார். 2018-இல் ஆந்திர அரசு புதிதாக அறிவித்த சின்னத்தின் நடுவில் இருக்கும் பூரண கும்பம் அந்த விதிகர் கொடுத்த குடம்தான். அந்தச் சின்னம் போட்ட காகிதத்தை அடுத்த தடவை கையில் வாங்கும்போது ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள்.

வியாபாரிகளுக்குப் பௌத்தம் பிடித்துப் போனதற்குக் காரணம் உண்டு. கடல் கடந்தால் தீட்டு என்று தர்ம சாஸ்திரக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் பௌத்தம் அப்படிச் சொல்லவில்லை. புத்தருக்கு ஞானம் வந்த பிறகு முதல் உணவு கொடுத்தவர்களே தபுஸ்ஸர், பல்லிகர் என்ற இரண்டு வணிகர்கள்தான் என்று கதை. மேற்கே கார்லே, ஜுன்னார் குகைகள் எல்லாம் மலைக்கணவாய்ப் பாதையை ஒட்டியே இருக்கின்றன, சாத்து, அதாவது வணிகக் கூட்டம், மழைக்கு ஒதுங்குவதற்கும் அது இடம். கார்லேயில் யவனர்கள் கொடுத்த தூண்கள்கூட இருக்கின்றன. அப்புறம், ஆபத்தில் காப்பாற்றும் அவலோகிதேஸ்வரர் என்ற போதிசத்துவர் (புத்த நிலையை நோக்கிப் போகிறவர்). அவுரங்காபாத் குகையில் அவரைச் சுற்றித் தீ, சிங்கம், திருடன் என்று ஆபத்துகளை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள், அதில் ஒன்று கவிழும் கப்பல். அதைச் செதுக்கச் சொன்னவருக்குக் கடல் பயம் தெரிந்திருக்க வேண்டும். இதே அவலோகிதேஸ்வரர்தான் சீனாவுக்குப் போய் மெல்ல மெல்லப் பெண் வடிவம் எடுத்து குவான்யின் ஆனார்.

அமராவதி பாணி என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

முதலில் கல். பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல், வெளுப்பும் பச்சையும் கலந்த நிறம். ஈரத்துணி போல மென்மையாக வேலை வாங்கும், அதனால்தான் அவ்வளவு நுணுக்கம். அப்புறம் நெரிசல். ஒரு வட்டத்துக்குள் முப்பது பேர் இருப்பார்கள், ஒருவர்கூடச் சும்மா நிற்க மாட்டார். ஒல்லியான உடம்பு, நீண்ட கால்கள். புத்தர் உருவம் என்றால் வலது தோள் திறந்திருக்கும், மேலாடையில் கோடு கோடாக மடிப்பு, கீழ் ஓரத்தில் தடித்த கரை ஒரு வளைவாகச் சுழன்று மேலே ஏறும். அந்தக் கரையைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள், கடல்வழியைப் பற்றிப் பேசும்போது அது திரும்ப வரும். ஸ்தூபியின் நான்கு திசையிலும் முன்னால் நீட்டிய மேடை, அதன்மேல் ஐந்து ஐந்து ஆயகத் தூண்கள், இது ஆந்திர ஸ்தூபிகளுக்கே உரியது.

சில கற்களில் புத்தரே இல்லையே, வெறும் பாதம்தானே இருக்கிறது?

ஆமாம். பழைய கற்களில் பாதம், போதி மரம், தர்மச் சக்கரம், காலி ஆசனம் என்றுதான் காட்டினார்கள். சுற்றி எல்லாரும் கும்பிடுவார்கள், நடுவில் ஆசனம் காலியாக இருக்கும். அமராவதியின் சிறப்பு, காலி ஆசனமும் முழு புத்தர் உருவமும் ஒரே வளாகத்தில் இருப்பது. ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே கல்லில் உறைந்து நின்றது போல இருக்கும்.

புத்தருக்கு முகம் கொடுத்தது கிரேக்கர்கள் என்கிறார்களே?

காந்தாரத்தில், அதாவது இன்றைய பெஷாவர், ஸ்வாட் பக்கம், குஷாண அரசர்கள் ஆண்ட காலத்தில் சாம்பல் நிறக் கல்லில் செய்த புத்தருக்கு அலை அலையான முடி, இரண்டு தோளையும் மூடிய கனத்த ஆடை, கிரேக்க தேவனின் மூக்கும் நெற்றியும். அதே காலத்தில் மதுராவில் புள்ளி விழுந்த சிவப்பு மணற்கல்லில் செய்த புத்தரோ நம் யக்ஷன் (பழைய காவல் தேவதை) சிலையின் உடன்பிறப்பு: பரந்த மார்பு, உடம்போடு ஒட்டிய மெல்லிய ஆடை, சிரித்த முகம். யார் முந்தி என்று நூறு வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். இரண்டு ஊருமே ஒரே பேரரசின் பெருவழியில் இருந்தன, இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் தேவை எழுந்தது, அங்கங்கே தெரிந்த கையால் செய்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கிரேக்கர் கொடுத்தார்கள், நாம் வாங்கிக்கொண்டோம் என்று ஒரே வரியில் முடிப்பதை என்னால் ஏற்க முடியாது.

வாங்கியதும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சிங்கத்தோல் போர்த்திய ஹெராக்ளிஸ், காந்தாரத்தில் புத்தருக்குக் காவலாக நிற்கும் வஜ்ரபாணி ஆனான். சிறுவர்கள் தோளில் சுமக்கும் நீண்ட பூமாலை ரோமானியச் சிற்பத்தில் உண்டு, காந்தாரத்தில் உண்டு, அமராவதி வேலிக்கல்லின் உச்சியிலும் இளைஞர்கள் அப்படித்தான் மாலை தூக்கி வருகிறார்கள்.

சரி, கல் எப்படி இவ்வளவு தூரம் போகும்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

நம் ஊர்த் தறியை நினைத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்து அன்னப்பட்சி புட்டா நகரிக்கு எப்படி வருகிறது? ஒன்று, யாராவது அந்தச் சேலையையே வாங்கி வந்து காட்டுவார்கள். இல்லையென்றால் அங்கே வேலை பார்த்த ஆள் இங்கே வந்து தறியில் உட்காருவார். மூன்றாவது வழி, டிசைன் அட்டை. துளை போட்ட அந்த அட்டை வந்துவிட்டால் சேலையும் வேண்டாம், ஆளும் வேண்டாம், ஊடும் பாவும் இங்கேயே இருக்கிறது. பௌத்தக் கலையும் இந்த மூன்று வழியிலும்தான் போயிருக்கிறது.

பொருளே போனதற்கு உதாரணம்: குஷாண அரசன் கனிஷ்கனின் 3-ஆம் ஆட்சியாண்டில் பாலர் என்ற பிக்கு சாரநாத்தில் ஒரு பெரிய போதிசத்துவர் சிலையை நிறுத்தினார். கல் மதுராவின் சிவப்புக்கல், வேலையும் மதுரா வேலை. 500 கிலோமீட்டருக்கு மேல் முழுச் சிலையாகவே போயிருக்கிறது. அதன் பிறகு சாரநாத் சிற்பிகள் தங்கள் ஊர்க் கல்லில் அதைப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தார்கள். ஆனால் ஆளுயரக் கல் போனது அபூர்வம். அதிகம் பயணம் செய்தவை கைக்கு அடங்கியவை: சிறு வெண்கலம், தந்த வேலை, சுடுமண் முத்திரை, சிறு மரப்பேழை. ஆப்கானிஸ்தானின் பெக்ராமில் மூடிக் கிடந்த இரண்டு அறைகளில் இந்தியத் தந்தச் சிற்பமும் ரோமானியக் கண்ணாடியும் சீன அரக்குப் பாத்திரமும் ஒன்றாகக் கிடைத்தன. ஒரு சிற்பி அந்த அறைக்குள் நுழைந்திருந்தால் எத்தனை நாட்டு வேலையை ஒரே நாளில் பார்த்திருப்பான்!

ஆள் போனதற்கு நல்ல உதாரணம் நேபாளத்து நேவார் கலைஞர் அர்னிகோ. 1260 வாக்கில் வேலைக்காகத் திபெத் போனவர், அங்கிருந்து குப்லாய் கான் அரசவைக்கே போய்ச் சேர்ந்தார். பெய்ஜிங்கில் இன்றும் நிற்கும் வெள்ளை ஸ்தூபி அவர் கட்டியது.

மூன்றாவது, அட்டை. சீனாவின் துன்ஹுவாங் குகைகளில், அடைத்து வைத்திருந்த நூலக அறை ஒன்று 1900-இல் திறந்தது. அதில் ஏடுகளோடு துளை போட்ட காகிதங்களும் இருந்தன. புத்தர் உருவத்தை வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் வரிசையாகக் குத்தி, சுவரில் வைத்துப் பொடியைத் தட்டினால் புள்ளி புள்ளியாக உருவம் இறங்கும், பிறகு கோடு சேர்க்க வேண்டியதுதான். மார்கழியில் நம் வீட்டு வாசலில் துளை போட்ட கோல அச்சை வைத்துக் கோலமாவைத் தட்டுகிறோமே, அதே வேலை. ஒரே குகையில் ஆயிரம் புத்தர்கள் ஒரே அளவில் வரிசையாக இருப்பதன் ரகசியம் அந்தக் காகிதம்தான்.

நிலவழியில் எந்த எந்த ஊர் வழியாகப் போனது?

காந்தாரத்திலிருந்து இந்துகுஷ் மலைக்குள் இருக்கும் பாமியான். அங்கே மலையைக் குடைந்து செய்த 55 மீட்டர், 38 மீட்டர் புத்தர்கள் 2001 மார்ச்சில் வெடிவைத்து அழிக்கப்பட்டார்கள். அதற்கப்பால் தக்லமக்கான் பாலைவனம், அதன் வடக்கு ஓரத்தில் கிசில் குகைகள். கிசில் ஓவியங்களில் கண்ணைப் பறிக்கும் நீலம் ஆப்கானிஸ்தானத்து பதக்‌ஷான் மலையில் வெட்டிய கல்லை அரைத்தது. சாயமே சரக்காக ஒட்டகத்தில் போயிருக்கிறது.

துன்ஹுவாங்கில் முதல் குகை கி.பி. 366-இல் குடையப்பட்டது, ஆயிரம் வருஷம் தொடர்ந்து குடைந்தார்கள். அப்புறம் வட சீனாவை ஆண்ட வடக்கு வெய் அரசர்களின் யுன்காங் குகைகள், 460 வாக்கில் தொடங்கிய வேலை. அங்கே பழைய புத்தர்களின் உடையில் இந்திய, மத்திய ஆசிய மடிப்பு தெரியும். 494-இல் தலைநகரம் லுவோயாங் போனது, அந்தக் காலத்திலிருந்து புத்தர் மேலே சீனப் பிரபுவின் அங்கி ஏறிவிடுகிறது. சில பத்தாண்டுகளில் நடந்த மாற்றம், கண்ணால் பார்க்கலாம்.

கொரியாவின் பேக்ஜே அரசர் 6-ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்குப் புத்தர் உருவமும் சூத்திரங்களும் அனுப்பினார். 752-இல் நாரா நகரத்துப் பெரிய வெண்கல புத்தருக்குக் கண் திறந்தார்கள். தூரிகை பிடித்துக் கண் எழுதியவர் போதிசேனர் என்ற இந்தியப் பிக்கு. கண் திறப்பு! நம் ஸ்தபதிகள் கடைசியாகச் செய்யும் அதே சடங்கு, அவ்வளவு தூரத்தில்.

கடல்வழியில் என்ன போனது?

என்னைக் கேட்டால் இதைத்தான் நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டுப் பாதை என்றதும் எல்லாருக்கும் ஒட்டகம்தான் ஞாபகம் வருகிறது, நம் கரையிலிருந்து போன கப்பல் ஞாபகம் வருவதில்லை.

சாதவாகனர்கள் இரண்டு பாய்மரக் கப்பலைக் காசிலேயே போட்டார்கள். கிருஷ்ணா முகத்துவாரத்துக் கண்டசாலாவில் சிவகர் என்ற 'மகாநாவிகர்' (பெரிய மாலுமி) பெயர் கல்வெட்டில் இருக்கிறது. இங்கிருந்து இலங்கை பக்கம். பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல் சிற்பங்களே இலங்கையில் கிடைத்திருக்கின்றன, அனுராதபுரத்துப் புத்தர்களின் மேலாடையில் அதே கோடு, அதே மடிப்பு. அதற்கப்பால் வியட்நாமின் டோங் துவோங்கில் 1911-இல் ஒரு வெண்கல புத்தர் கிடைத்தார். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் 1921-இல் இன்னொருவர். வலது தோள் திறந்து, கீழே அந்தத் தடித்த கரை சுழன்று ஏறுகிறது. இவை ஆந்திரத்தில் வார்த்தவையா, இலங்கையில் வார்த்தவையா என்று வாதம் இருக்கிறது, பாணியின் வேர் கிருஷ்ணா கரை என்பதில் பெரிய சண்டை இல்லை.

தொழிலாளியும் போயிருக்கிறான். தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்ற பழைய துறைமுக ஊரில் ஒரு சின்ன உரைகல் கிடைத்தது, அதில் தமிழ் எழுத்தில் 'பெரும்பதன் கல்'. பெரும்பதன் என்ற தட்டானின் கல். பௌத்தச் சின்னம் எதுவும் அதில் இல்லை, ஆனாலும் இந்தப் பேச்சில் அதற்கு இடம் உண்டு. நகை செய்கிற கை அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்றால் மற்றக் கைத்தொழிலும் அதே கப்பலில் போயிருக்கத்தானே வேண்டும்?

சீனப் பிக்கு ஃபாஹியான் 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் இருந்தபோது, அபயகிரி விகாரத்துப் பச்சைக்கல் புத்தர் முன்னால் ஒரு வணிகர் சீன வெள்ளைப்பட்டு விசிறியைக் காணிக்கையாக வைப்பதைப் பார்த்து, ஊர் நினைவு வந்து அழுதுவிட்டாராம். அவரே எழுதி வைத்திருக்கிறார். வந்தது நிலவழியில், திரும்பிப் போனது கடல்வழியில்.

ஜாவாவின் போரோபுதூர் என்ற பெரிய பௌத்தக் கட்டடம் 9-ஆம் நூற்றாண்டு வேலை, 504 புத்தர்கள். அதன் சுவர்ச் சிற்பங்களில் பாய் விரித்த கப்பல்கள் இருக்கின்றன, இன்னதென்று அறிந்தவன் செதுக்கிய கப்பல்கள்.

எல்லாம் இங்கிருந்து போனதுதானா? திரும்பி எதுவும் வரவில்லையா?

வந்தது. ராஜராஜ சோழன் காலத்தில், சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினார். அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தைச் சோழர் விட்டுக்கொடுத்த செப்பேடு, லெய்டன் செப்பேடு என்று பேர் பெற்றது. 1856 தொடங்கி அங்கே சுமார் 350 பௌத்த வெண்கலங்கள் மண்ணிலிருந்து வந்தன. தலைக்கு மேல் சுடர் எரியும் அந்த நாகப்பட்டினப் புத்தர்களில் பலர் இன்று சென்னை எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறார்கள். விகாரத்தோடு சேர்ந்த கோபுரம் ஒன்று மட்டும் 1867 வரை நின்றது, பிறகு அதையும் இடித்துவிட்டார்கள்.

ஸ்வீடனில் புத்தர் கிடைத்தது நிஜமா?

நிஜம். ஹெல்கோ என்ற தீவில், 1950-களில் நடந்த அகழாய்வில். 6-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஸ்வாட் பள்ளத்தாக்கில் வார்த்த சின்ன வெண்கலம்.

குடிமல்லம் லிங்கம் பௌத்தச் சிற்பமா?

இல்லை, சிவன்தான். ஏர்ப்பேடு பக்கம் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் நிறையப் பேர் கேட்கிறார்கள். கி.மு. காலத்தது என்று பலரும் சொல்லும் அந்த உருவத்தின் நிற்கும் விதம், உடை, காலடியில் இருக்கும் ஆள் எல்லாம் பாருத், சாஞ்சி யக்ஷர்களை ஞாபகப்படுத்தும். சிற்பியின் கைக்கு மதப்பிரிவு கிடையாது, யார் கேட்டாலும் தெரிந்ததைத்தான் செய்தான்.

அமராவதி போனால் ஒரு மேடும் கொஞ்சம் கல்லும்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் எங்கே?

முதல் தடவை வருகிற எல்லாரும் இந்த ஏமாற்றத்தைச் சொல்கிறார்கள். சுமார் 50 மீட்டர் அகலத்து ஸ்தூபி அது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அப்போதைய ஜமீன்தார் புது ஊர் கட்டியபோது கட்டடத்துக்காக மேட்டைத் தோண்டினார்கள், சுண்ணாம்புக்கல் என்பதால் காளவாயில் எரிந்த சிற்பங்களும் உண்டு. கேட்கவே வயிறு எரிகிறது. 1798 வாக்கில் ஆங்கிலேய நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி வந்து பார்த்தார், 1816-இல் திரும்ப வந்து ஆட்களை வைத்து ஒவ்வொரு கல்லாகப் படம் எழுத வைத்தார். அந்தப் படங்களில் இருந்து பிறகு காணாமல் போன கற்கள் நிறைய. 1845-இல் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி தோண்டியவை சென்னைக்கு வந்து, அதில் நூற்றுக்கு மேற்பட்டவை லண்டன் போய், இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மிச்சம் எழும்பூரில். நாகார்ஜுனகொண்டா கதை வேறு: அணை கட்டியதால் பள்ளத்தாக்கே நீரில் மூழ்கியது, 1954 முதல் 1960 வரை அவசர அவசரமாகத் தோண்டி, முடிந்ததை மலை உச்சிக்கு ஏற்றினார்கள். அந்த உச்சிதான் இன்று படகில் போய்ப் பார்க்கும் தீவு.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் என்ன செய்வது? பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

எழும்பூர் மியூசியம் போங்கள். எங்கள் பாட்டி காலத்தில் 'செத்த காலேஜ்' என்பார்கள், இங்கிருந்து அரக்கோணம் வழியாக ரயிலில் காலையில் போய் ராத்திரிக்குள் திரும்பலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை.

அமராவதிக் கூடத்தில் நளகிரி யானை வட்டத்தைத் தேடுங்கள். மதம் பிடித்த யானையை ராஜகிருகத்துத் தெருவில் புத்தர் மேல் ஏவிவிட்ட கதை. ஒரு பக்கம் யானை ஆளைத் தூக்கி எறிகிறது, பெண் ஒருத்தி பயத்தில் பக்கத்தில் இருப்பவரைக் கட்டிக்கொள்கிறாள், மேலே ஜன்னல்களில் ஊரே எட்டிப் பார்க்கிறது, மறுபக்கம் யானை புத்தர் காலடியில் மண்டி போடுகிறது. பெயர்ப் பலகையைப் படித்துக் காட்டாதீர்கள். இதில் எத்தனை யானை என்று மட்டும் கேளுங்கள். போன தடவை எங்கள் வேனில் வந்த மூன்றாம் வகுப்புப் பெண் இரண்டு என்றாள், அவள் தம்பி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'இல்லக்கா, ஒண்ணுதான், அது இங்கேர்ந்து அங்க போயிருக்கு' என்றான்.